சாம்பிள் பாட்டில்

சன்னிவேல், கலிபோர்னியா
7-6-1998

அன்புள்ள ஜெயசெல்விக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பெனிஷும் இங்கே சுகம். நீயும், மாசமாக இருக்கும் நம் மகள் ஜூலியட்டும் அங்கே சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசத்தானே செய்கிறோம், எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறான். அவனைப் பற்றி அவன் காதுபடவே எப்படிச் சொல்ல? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வந்து பன்னிரண்டு நாளாயிற்று. அவன் காலை எட்டு மணிக்கு ஆபீசுக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருகிறான். மாடி வீடு. கீழே பத்துக் கார் நிற்கும், மனுஷ நடமாட்டம் இருக்காது. தூரத்தில் ரயில் போகிற சத்தம் கேட்கும், அதை வைத்தே மணி சொல்லப் பழகிவிட்டேன். மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தபால்காரர் வருவார். வாசலில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகள் பக்கத்தில் போய் நிற்பேன். ‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்பார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிடத்துக்குப் போயிருப்பார். முப்பத்தொரு வருஷம் மதுவிலக்குப் போலீசில் இருந்தேன். நான் வருகிறேன் என்றால் தெருவே காலியாகும். இங்கே நான் வராமலே காலியாகத்தான் கிடக்கிறது.

மூன்று வருஷமாக ஊருக்கு வராத பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசி, கிறிஸ்துமஸுக்காவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் என்னை அனுப்பினாய். அவன் என்னோடு பேசுவது ஒரு நாளைக்கு மூன்று கேள்வி. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கம்பளி போதுமா. மூன்றுக்கும் நான் பதில் சொன்னதும் அன்றைய விசாரணை முடிந்தது. மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. லாட்ஜில் தங்கினால் மேனேஜர் காட்டுவானே, அந்த மரியாதை.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். படித்துவிட்டு உடனே கோபப்படாதே.

ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் கோட்டு மாட்டுகிற அலமாரி ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை பகலில் அந்தப் பக்கம் போனபோது ஒரு வாசனை வந்தது. நான்தான் ரிட்டயர் ஆனேன், என் மூக்கு ஆகவில்லை. கதவைத் திறந்தேன். கோட்டுகளுக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை பிளாஸ்டிக் வாளி. மூடியில் ஒரு வளைந்த குழாய். குழாயில் இருந்த தண்ணீர் வழியாகக் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டிருந்தது. செல்வி, ஊறல்! தேரிக்காட்டில் மண்ணைத் தோண்டிப் புதைத்து வைப்பார்களே, அதே ஊறல் என் மகன் வீட்டு அலமாரிக்குள்.

அந்நிய தேசத்தில் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டால் என்ன ஆவான் என்று மட்டும்தான் நினைத்தேன். அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை, கைகள்தான் வேலை செய்தன. வாளியை இழுத்துப் போய்க் குளிக்கிற தொட்டியில் கவிழ்த்தேன். இருபது லிட்டர் இருக்கும். அடியில் படிந்திருந்த மண்டியையும் விடாமல் பிளீச்சிங் போட்டுக் கழுவினேன். கவிழ்ப்பதற்கு முன்னால் முறைப்படி சாம்பிள் எடுத்தேன். ஒரு பாட்டிலை வெந்நீரில் கழுவி, கலக்கி நிரப்பி, டேப் சுற்றி, தேதி, நேரம், கைப்பற்றிய இடம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிகள் என்ற இடத்தில் மட்டும் ‘இல்லை’ என்று எழுத வேண்டியதாயிற்று. வெயிலில் பொங்கிவிடும் என்று பேப்பரில் சுற்றி, பிரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கேசும் இல்லை, கோர்ட்டும் இல்லை, எதற்குச் சாம்பிள் என்று கேட்பாய். உன்னிடம் கொண்டுவந்து காட்டத்தான். உன் பிள்ளையைப் பற்றி நான் சொல்வதை நீ என்றைக்குச் சாட்சி இல்லாமல் நம்பியிருக்கிறாய்?

ராத்திரி வந்தான். பால்கனியில் வாளி கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தான். கத்தவில்லை. தொட்டி பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, தண்ணீர் போகிற துவாரத்தின் ஓரத்தை விரலால் தடவி மோந்து பார்த்தான். பிளீச்சிங் நெடி மட்டும்தான் இருந்திருக்கும். அப்புறம் என்னிடம், ‘பீர்ப்பா. சாராயம் இல்ல. இங்க வீட்டுல பண்ணலாம், லீகல்தான்’ என்றான். தொட்டியை நன்றாகக் கழுவி விட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டான். மூன்று நாளாக அந்த மூன்று கேள்விகளும் நின்றுவிட்டன. கத்தியிருந்தால் தேவலை.

சட்டப்படி குற்றமில்லாத ஒன்றை அழித்துவிட்டு நிற்கிறேன். சர்வீசில் எனக்கு இப்படி நேர்ந்ததே கிடையாது. என்ன செய்யட்டும் என்று எழுது. முட்டுவலித் தைலத்தை மறக்காமல் தேய். ஜூலியட்டை மாடிப்படி ஏற விடாதே.

உன் அன்புள்ள கணவன்,
சத்தியசீலன்


சன்னிவேல்
14-6-1998

அன்புள்ள ஜெயசெல்விக்கு,

போன கடிதம் உன் கைக்கு இன்னும் வந்திருக்காது. அதற்குள் இது. இன்றைக்கு மனசு ஒரு நிலையில் இல்லை, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுக்களைக் காலண்டரில் ஜூலை பதினெட்டாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு ‘பிக்னிக், பீர்’ என்று எழுதியிருந்தான். செவ்வாய்க்கிழமை அவன் வந்ததும் அது என்ன என்று கேட்டேன். கேட்பதற்கு முன் மன்னிப்புக் கேட்டேன். ஆமாம், நான்தான். நீ பார்க்காமல் போய்விட்டாய். அவன், பரவால்லப்பா விடுங்க என்றான். பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். வருஷத்துக்கு ஒரு நாள் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் ஒரு பார்க்கில் கூடுவார்களாம். அவரவர் கையால் செய்ததை ஒன்று கொண்டுபோக வேண்டும். ஒருத்தி ரொட்டி, ஒருத்தன் ஊறுகாய், இவன் பீர். வெயிலுக்கு ஏற்ற லேசான பீர். வருஷம் முழுக்க என் பேரைக்கூடச் சரியாச் சொல்லாதவங்க அன்னைக்கு ஒரு நாள் என்னைத் தேடி வந்து பேசுவாங்கப்பா, என்றான். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. உனக்கும் எனக்கும் பெருமை, மகன் அமெரிக்காவில் என்று. இங்கே அவனுக்கு வருஷத்தில் ஒரு நாள்.

திரும்பச் செய்யலாம், நானும் ஒத்தாசைக்கு இருக்கிறேன் என்றேன். நாள் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்தோம். இருந்தது. நேற்றுச் சனிக்கிழமை கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

செல்வி, அந்தக் கடையை நீ பார்க்க வேண்டும். நான் முப்பத்தொரு வருஷம் உடைத்ததையெல்லாம் ஒருத்தி அலமாரியில் அடுக்கி வைத்து, விலை ஒட்டி விற்கிறாள். டோரிஸ் என்று பெயர், உன் வயது இருக்கும். குழாய், மூடி, வாளி, மால்ட் பாகு. முளைவிட்ட பார்லியிலிருந்தும் கோதுமையிலிருந்தும் எடுத்த சத்தைச் சுண்டக் காய்ச்சினால் அந்தப் பாகு. இவற்றில் பெரிய தேர்வு கிடையாது. தேர்வெல்லாம் ஈஸ்டில்தான். நம் தயிருக்கு உறை எப்படியோ, பீருக்கு ஈஸ்ட் அப்படி. எந்த உறை விடுகிறோமோ அந்தக் குணம் வரும்.

டோரிஸ் ஒவ்வொன்றாகச் சொன்னாள், பெனிஷ் எனக்குத் தமிழில் சொன்னான். ஒரு ஈஸ்ட் குளிரில்தான் வேலை செய்யுமாம். பீர் தெளிவாக இருக்கும், ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நமக்கு நாள் போதாது. இன்னொன்று ஜெர்மன்காரர்களுடையது. அதில் செய்த பீரை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி நீட்டினாள். வாயில் வைக்கமாட்டேன் என்று சொல்லி மோந்து மட்டும் பார்த்தேன். கிராம்பும் கனிந்த வாழைப்பழமும். தேரிக்காட்டு ஊறலில் அழுகின வாழைப்பழத்தைப் போட்டிருப்பார்களே, அந்த நினைப்பு வந்து முகத்தைச் சுளித்தேன். டோரிஸ் சிரித்துவிட்டாள். கடைசியில் பெனிஷ் ஒரு பொடிப் பாக்கெட்டை எடுத்தான். இது போதும்ப்பா, இதுக்குன்னு ஒரு வாசனை கிடையாது, என்றான். அப்போது டோரிஸ், உன் பழைய ஈஸ்ட் என்ன ஆயிற்று, உன் சிநேகிதி வளர்த்துக் கொடுத்தாளே, அதைவிட நல்லது என்னிடம் கிடையாதே என்று கேட்டாள். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். போய்விட்டது என்று சொல்லிவிட்டு அவன் கல்லாப் பக்கம் நடந்தான்.

காரில் ஏறினதும் யார் அந்தச் சிநேகிதி என்று கேட்டேன். ரெனிஷா என்றான்.

அந்த ரெனிஷாதான். தூத்துக்குடி செல்வராஜ் மகள். கட்டிக்கொள்கிறேன் என்று தொண்ணூற்றைந்தில் இவன் எழுதிக் கேட்டானே, சாராயக்கடை ஏலம் எடுத்தவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டேன் என்று நான் மூன்று வரியில் பதில் போட்டேனே, அவள். டேவிஸ் யூனிவர்சிட்டியில் நுண்ணுயிர் படித்தவளாம். ஏழெட்டு ஈஸ்டை வளர்த்துப் பார்த்து, வெயில் காலத்து பீருக்கு என்று ஒன்றைப் பொறுக்கி இவனுக்குக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அடிமண்டியில் கொஞ்சம் எடுத்து வைத்து, அடுத்த தடவைக்கு உறையாகப் போட்டு மூன்று வருஷமாகக் காப்பாற்றி வந்திருக்கிறான். இருந்த எல்லாவற்றையும் இந்த வாளியில்தான் போட்டிருந்தானாம். அவள் கொடுத்ததில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நான் அதைப் பிளீச்சிங் போட்டுக் கழுவினேன்.

வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பிரிட்ஜைத் திறந்து, காய்கறித் தட்டுக்கு அடியிலிருந்து சாம்பிள் பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பேப்பரைப் பிரித்து, டேப்பில் நான் எழுதியிருந்ததைப் படித்தான். ‘கைப்பற்றிய இடம்: கோட்டு அலமாரி. சாட்சிகள்: இல்லை.’ அடியில் வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்கு மண்டி படிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான் பார், செல்வி. கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தான். அது சிரிப்புத் தண்ணீர்தானா என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

அந்த மண்டியில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. ஜெபத்தில் நினைத்துக்கொள். என்னத்துக்காக என்று சபையில் யாரிடமும் சொல்லாதே.

சத்தியசீலன்


சன்னிவேல்
5-7-1998

அன்புள்ள ஜெயசெல்விக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. தபால்காரர் பெட்டிக்குள் போடாமல் என் கையிலேயே கொடுத்தார். நீ திட்டியது அத்தனையும் நியாயம். கொட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கிற பழக்கம் உங்களுக்கு என்றைக்கு இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

ஈஸ்ட் பிழைத்துவிட்டது. பாட்டிலைத் திறந்தபோது புஸ்ஸென்று பொங்கி அடுக்களைக் கூரையைத் தொட்டது. முதலில் என்னைத்தான் மோந்து பார்க்கச் சொன்னான். கெட்ட ஊறல் எது, நல்ல ஊறல் எது என்று எனக்குத் தெரியாதா? காடிப் புளிப்பு இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். இல்லை. கொஞ்சம் மால்ட் பாகைக் காய்ச்சி ஆற வைத்து, அதில் மண்டியைவிட்டு வைத்தோம். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. நீயோ என்று பயந்து எடுத்தால் பெனிஷ். ஆபீசிலிருந்து. வந்த நாளிலிருந்து அவன் எனக்கு ஆபீசிலிருந்து போன் பண்ணினதே இல்லை. நுரை வந்துச்சாப்பா என்று கேட்டான். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிசாக ஒரு வளையம் கட்டியிருந்தது. வந்துட்டுடே என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

இருபதாம் தேதி காய்ச்சினோம். பாகைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் என்று ஒரு கசப்புப் பூ உண்டு, அதைக் கொஞ்சமாகப் போட்டான். வெயிலுக்குக் குடிப்பது லேசாக இருக்கவேண்டும், கசப்பு ஏறக்கூடாதாம். வாசனைக்கு என்ன போடுவாய் என்று கேட்டதற்கு, ரெனிஷா எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக் காட்டினான். என்ன எழுதியிருந்தது தெரியுமா? கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், சுக்கு. உனக்கு எந்த வாசனை பிடிக்கும் என்று அவள் கேட்டாளாம். எங்கம்மா போடுற சுக்குமல்லிக் காப்பி என்று இவன் சொன்னானாம். அதை வைத்து அவள் அந்தச் சீட்டை எழுதியிருக்கிறாள். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அம்மாளே, உன் காப்பிதான் இங்கே பீராக இருக்கிறது. சங்கத்தில் சொல்லிவிடாதே.

மல்லி வாங்க எல் கமீனோ ரோட்டில் நம் ஊர்ச் சாமான் கடைக்கு நானே நடந்து போனேன். மூன்று பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரப் பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து, அவனுக்கு வேலை மிச்சம் என்று நினைத்து மல்லியை நன்றாக வறுத்து வைத்தேன். அவன் வந்து தலையில் கை வைத்துக்கொண்டான். வறுத்தால் சாம்பார் வாசனை வந்துவிடுமாம், பச்சையாக ஒன்றிரண்டாக உடைத்தால் போதுமாம். எனக்கு என்ன தெரியும்? நம் வீட்டில் மல்லி என்றால் வாணலிதான். வறுத்த மல்லி அன்றைக்கு ரசத்துக்குப் போயிற்று. ஆரஞ்சுத் தோலில் மேல்பூச்சை மட்டும் சீவ வேண்டும், உள்வெள்ளை கசக்கும். அது என் வேலை. சுக்கு நீ என் பெட்டியில் வைத்து அனுப்பியதுதான். எவ்வளவு போடுவது என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. அதிகம் போட்டால் கஷாயமாகிவிடும் என்றேன். கடைசியில் என் கணக்குக்கு ஒத்துக்கொண்டான்.

இந்த வீட்டில் ஏசி கிடையாது. சூடு ஏறினால் ஈஸ்ட் வெறித்தனமாக வேலை செய்து கெட்ட வாசனை விடுமாம். வாளியைத் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துண்டைச் சுற்றி, மின்விசிறியைப் பக்கத்தில் வைத்தோம். துண்டு காயாமல் பார்த்துக்கொள்வது என் டியூட்டி. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நனைப்பேன். ஊறலைப் பிடிக்கக் காட்டுக்குள் ராப்பகலாகப் பதுங்கியிருந்தவன், இப்போது ஊறலுக்கே காவல். அந்தக் குமிழ் சத்தம் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுபோல இருந்தது. சொன்னால் சிரிப்பாய், அது அடங்கிப்போன அன்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நேற்று பாட்டிலில் அடைத்தோம். இந்த ஊர்க்காரர்களுக்குச் சுதந்திர தினம், எங்கே பார்த்தாலும் வாணவேடிக்கை. உறையும் இந்தத் தடவை இரண்டு ஜாடியில் எடுத்து வைத்திருக்கிறான். ஒன்று என் பொறுப்பு. நான் ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். மூக்குக்குச் சட்டம் எதுவும் கிடையாது.

சத்தியசீலன்


சன்னிவேல்
19-7-1998

அன்புள்ள ஜெயசெல்விக்கு,

நேற்று பிக்னிக் முடிந்தது. அதைச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய இன்னொன்றைச் சொல்கிறேன்.

நல்ல வெயில். ஐஸ் போட்ட தொட்டியில் பாட்டில்களை வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அரைமணி நேரத்துக்கு ஒருவரும் வரவில்லை. நான் பாட்டில்களை எடுத்து எடுத்துத் துடைத்து வைத்தேன். அப்புறம் ஒருத்தன் வந்தான், அவன் போய் இரண்டு பேரைக் கூட்டிவந்தான், பிறகு கூட்டம்தான். பொன்னிறமாக, கொஞ்சம் மங்கலாக, மேலே வெண்ணுரையோடு இருந்தது. மல்லி வாசனை நின்ற இடத்துக்கு வந்தது. இது என்ன வாசனை, இது என்ன வாசனை என்று எல்லாரும் கேட்டார்கள். பெனிஷ் என் தோளில் கை வைத்து, மை டாட், இதை இவர்தான் காவல் காத்தார் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். அவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மூன்று மணிக்கெல்லாம் பாட்டில் தீர்ந்தது. மூன்றரைக்குக் கூட்டமும் தீர்ந்தது. குடித்துவிட்டுத் தேங்க் யூ சொல்லி, வந்த மாதிரியே போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் காலிப் பாட்டில்களைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினோம். ஆண்டு முழுவதும் அவன் காத்திருந்த நாள் அவ்வளவுதான், செல்வி.

வீட்டுக்கு வந்து பெட்டியை அலமாரியில் வைக்கப் போனேன். கோட்டுகளுக்குப் பின்னால் தட்டில் இரண்டு பாட்டில் நின்றிருந்தன. மூடி திறக்காதவை. ஒன்றில் 96 என்றும், ஒன்றில் 97 என்றும் எழுதியிருந்தது. பெனிஷ் வந்து, பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, 98 என்று எழுதி அந்த வரிசையில் நிறுத்தினான். பிக்னிக்கில் அத்தனை பேர் கேட்டும் அந்த ஒன்றை அவன் கொடுக்கவில்லை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அப்போதுதான் அவன், நீங்க ஜீப்புல போனீங்களாமேப்பா, என்று கேட்டான்.

உன்னிடம் நான் சொல்லாத விஷயம் இது. தொண்ணூற்றைந்தில் நான் மூன்று வரி எழுதிப் போட்டதோடு நிற்கவில்லை. கோவில்பட்டிக்கு ரெய்டு என்று உன்னிடம் சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்குப் போனேன். யூனிபார்மில், ஜீப்பில், இரண்டு கான்ஸ்டபிள்களோடு. செல்வராஜ் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அந்த மனுஷன் எழுந்து வந்து, சம்பந்தி முறைக்கு வருகிறேன் என்று நினைத்து, நாற்காலி போட்டார். சோடா வாங்கிவர ஆளை அனுப்பினார். நான் உட்காரவில்லை. தெருவே பார்க்க, கேட்டுக்கு வெளியில் நின்றபடி, சாராயக் காசில் வளர்ந்த பெண்ணை என் வீட்டு வாசற்படி மிதிக்கவிட மாட்டேன் என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சோடா வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

அவர் கடையைக் களவாக நடத்தவில்லை. சர்க்கார் ஏலம் விட்ட வருஷங்களில் எடுத்தார், சர்க்கார் மூடச் சொன்னபோது மூடினார். அதே சர்க்கார்தான் எனக்கும் சம்பளம் கொடுத்தது. இதெல்லாம் அன்றைக்கும் எனக்குத் தெரியும். யூனிபார்ம் போட்டால் தெரிந்தது மறந்துவிடுகிறது.

பெனிஷுக்கு மூன்று வருஷமாகத் தெரியும். அவள்தான் சொல்லியிருக்கிறாள். உன் அப்பா கடிதத்தில் எழுதியதை நான் பொறுத்துக்கொள்வேன், என் அப்பா தலைகுனிந்து நின்றதைப் பொறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, டெக்சாஸில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்ட் என்ற ஊரில் இருப்பதாகக் கேள்வியாம். இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். தெரியாதுப்பா, கேட்டுக்கல என்றான். தெரிந்துகொள்ளாமல் இருந்தால்தான் வருஷத்துக்கு ஒரு பாட்டில் எடுத்து வைக்க முடியும் போல. என்னைக் குற்றம் சொல்லி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. குட் நைட் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான். இவ்வளவு நாளும் நான் கேட்டுத் தவித்த மௌனம் இதுதான் என்று அப்போது விளங்கியது. அதைக் கட்டிக்கொண்டு இந்தப் பிள்ளை தனியாக இருந்திருக்கிறான், நாம் அங்கே அவனுக்கு ஜாதகம் பார்க்காத குறையாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொட்டியது கொட்டியதுதான் என்று நீ எழுதியிருந்தாய். நான் கொட்டிய ஒன்றில் தற்செயலாக ஒரு பாட்டில் மிஞ்சியது. இதில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். தபாலில் மன்னிப்புக் கேட்கிற காரியம் இல்லை இது. திரும்பும் டிக்கெட் நவம்பரில்தான், அதற்கு முன் என்னால் வரவும் முடியாது. நீ போக வேண்டும், செல்வி. ஜூலியட் பிரசவத்துக்கு முன்னால் ஒரு நாள் போய்விட்டு வா. சபை மூலமாக விசாரிக்க வேண்டாம், யாரையும் துணைக்கு அனுப்ப வேண்டாம். நீயே போய், செல்வராஜ் நாற்காலி போட்டால் உட்கார். என்ன கொடுத்தாலும் வாங்கிக் குடி. என் பேரைச் சொல்லி, நான் சொல்ல வேண்டியதைச் சொல். உன்னைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், வாயார வாழ்த்திவிட்டு வந்துவிடு. அதை எனக்கு எழுத வேண்டாம். வழக்கம்போல ஜூலியட் சுகம், மழை, பால்காரன் என்று எழுதிப் போடு. அதில் அவள் பேர் இல்லை என்றால் நான் புரிந்துகொள்வேன். பெனிஷிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளமாட்டேன். ஆகாமல் இருந்தால் முதல் வரியிலேயே எழுது. தினமும் ஒன்றரை மணிக்குக் கீழே நிற்பேன். ஜாடியில் உறை பத்திரமாக இருக்கிறது.

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஜீப்பில் போனவன். கர்த்தர் உன் முழங்கால்களுக்குப் பெலன் தருவாராக.

உன் அன்புள்ள கணவன்,
சத்தியசீலன்